42.34 மீட்டரில் ஒரு குரல்



மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்துக்கு நீங்கள் எல்லோரும் போயிருப்பீர்கள். திருச்சிக்கு ஒரு வண்டி, திருநெல்வேலிக்கு ஒரு வண்டி, ராமநாதபுரத்துக்கு ஒரு வண்டி என்று அங்கே எப்போதும் இரைச்சல்தான். அந்த இரைச்சலுக்கு நடுவே ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலுக்கு உரியவர் எந்த அறையில் உட்கார்ந்து பேசுகிறார் என்று நாம் தேடுவதில்லை. செய்தி காதில் விழுந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

ஆனால் 1942-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஒரு குரல் ஒலித்தது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வெள்ளைக்கார அரசாங்கம் படாத பாடு பட்டது. கருவிகள் ஏற்றிய போலீஸ் வண்டிகள் பம்பாய் நகரத்துத் தெருக்களில் சுற்றிச் சுற்றி வந்தன. ஏறத்தாழ இரண்டரை மாதம் அந்தக் குரல் பிடிபடவில்லை.

அந்தக் குரலுக்கு உரியவர் 22 வயதுக் கல்லூரி மாணவி. அவர் பெயர் உஷா மேத்தா. அவருடைய கதையைத்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

கொடியே சட்டை ஆனது

குஜராத்தில் சூரத் நகருக்கு அருகில் சரஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1920-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் உஷா பிறந்தார். அவருடைய தந்தை ஆங்கிலேய ஆட்சியில் நீதிபதியாகப் பணியாற்றியவர். ஆகவே வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் அரசாங்கத்தை எதிர்த்துப் பேசினால் தந்தையின் வேலைக்கே ஆபத்து வரும் என்ற நிலை.

ஐந்து வயதில் அகமதாபாத்தில் உஷா காந்தியடிகளைப் பார்த்தார். பின்பு அவர்கள் ஊருக்கு அருகே காந்தியடிகள் ஒரு முகாம் நடத்தினார். அங்கே போய் ராட்டை நூற்கவும் பழகினார். அந்தச் சின்ன வயதில் மனத்தில் விழுந்த விதை கடைசிவரை பட்டுப்போகவில்லை.

1928-ஆம் ஆண்டு சைமன் குழு இந்தியாவுக்கு வந்தது. இந்தியாவின் எதிர்காலத்தைப் பற்றி ஆராய வந்த அந்தக் குழுவில் ஓர் இந்தியர்கூட இல்லை. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. எட்டு வயது உஷாவும் மற்றக் குழந்தைகளோடு ஊர்வலத்தில் நடந்து, சைமன் குழு திரும்பிப் போகவேண்டும் என்று முழக்கமிட்டார்.

அந்த நாட்களில் இன்னொரு நிகழ்ச்சியும் நடந்தது. குழந்தைகள் கொடி பிடித்து ஊர்வலம் போனார்கள். போலீசார் தடியால் அடித்தார்கள். கொடி பிடித்திருந்த சிறுமி கீழே விழுந்தாள். கொடியும் மண்ணில் விழுந்தது. அடிபட்ட வலியைவிடக் கொடி விழுந்ததுதான் அந்தக் குழந்தைகளுக்குப் பெரிய துக்கம். வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் முறையிட்டார்கள்.

பெரியவர்கள் ஒரு நல்ல யோசனை செய்தார்கள். கொடியின் நிறங்களிலேயே குழந்தைகளுக்கு உடை தைத்துக் கொடுத்துவிட்டார்கள். மறுபடியும் ஊர்வலம் கிளம்பியது. இப்போது குழந்தைகளே கொடியாக நடந்தார்கள். கையில் இருப்பதைத் தட்டிவிடலாம். உடம்பில் உடுத்தியிருப்பதை எப்படித் தட்டிவிடுவது? வழி அடைபட்டால் வேறு வழி கண்டுபிடிக்கவேண்டும் என்ற பாடத்தை உஷா அப்போதே கற்றுக்கொண்டார்.

பம்பாய்க்கு வந்தார்

1930-ஆம் ஆண்டு தந்தை பணி ஓய்வு பெற்றார். 1932-இல் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. இப்போது மும்பை என்கிறோமே, அதே ஊர்தான். தந்தையின் வேலை என்ற தடை நீங்கியதால் உஷா இன்னும் துணிவாகப் போராட்ட வேலைகளில் ஈடுபட்டார். தலைவர்களின் செய்தித்தாள்களை இரகசியமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். சிறையில் இருந்தவர்களின் வீடுகளுக்குச் செய்தி எடுத்துச் செல்வார். கதர் மட்டுமே உடுத்துவது என்றும் திருமணம் செய்துகொள்வதில்லை என்றும் உறுதி எடுத்துக்கொண்டார்.

படிப்பையும் அவர் விட்டுவிடவில்லை. பம்பாய் வில்சன் கல்லூரியில் தத்துவம் படித்து 1939-இல் பட்டம் பெற்றார். பிறகு சட்டம் படிக்கத் தொடங்கினார். அந்த நேரத்தில் 1942 ஆகஸ்ட் மாதம் வந்தது.

ஆகஸ்ட் 8-ஆம் நாள் பம்பாய் கோவாலியா குளம் மைதானத்தில் காங்கிரஸ் கூடியது. வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடிவதற்குள் காந்தியடிகள் உட்பட முக்கியத் தலைவர்கள் எல்லோரும் கைது செய்யப்பட்டார்கள். பத்திரிகைகளுக்குக் கடுமையான தணிக்கை வந்தது. அகில இந்திய வானொலியோ அரசாங்கத்தின் கையில் இருந்தது. எந்த ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்தது, எங்கே வேலைநிறுத்தம் நடக்கிறது என்று ஓர் ஊர்க்காரருக்கு அடுத்த ஊர்ச் செய்தி தெரியவில்லை. வதந்திதான் பரவியது.

மக்களுக்கு உண்மைச் செய்தி போய்ச் சேரவேண்டும், அதற்கு நமக்கென்று ஒரு வானொலி வேண்டும் என்று உஷாவும் நண்பர்களும் முடிவு செய்தார்கள். பாபுபாய் கக்கர், விட்டல்தாஸ் ஜவேரி, சந்திரகாந்த் ஜவேரி ஆகியோர் அந்த நண்பர்களில் முக்கியமானவர்கள். உஷா சட்டப் படிப்பை நிறுத்திவிட்டார்.

கருவி எங்கே கிடைக்கும்?

வானொலி நிலையம் என்றால் பெரிய கட்டடமும் வானளாவிய கோபுரமும் நம் நினைவுக்கு வரும். இந்த இளைஞர்களிடம் இரண்டும் இல்லை. பணமும் இல்லை. உஷாவின் உறவினர் ஒருவர் தம் நகைகளைக் கழற்றிக் கொடுக்க முன்வந்தார். அதை வாங்கிக்கொள்ள உஷாவுக்கு மனம் வரவில்லை. பாபுபாய் வேறு வழியில் பணம் திரட்டினார்.

கருவிக்கு என்ன செய்வது? இங்கேதான் ஹாம் வானொலி கதைக்குள் வருகிறது. வியாபாரத்துக்காக இல்லாமல், கற்றுக்கொள்ளும் ஆர்வத்தால் தாங்களே வானொலிக் கருவி செய்து, உரிமம் பெற்று, தூரத்து நண்பர்களோடு பேசுகிறவர்களை ஹாம் என்று அழைப்பார்கள். 1939-இல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் இவர்கள் ஒலிபரப்பக் கூடாது என்று அரசாங்கம் உரிமங்களை நிறுத்திவிட்டது. உரிமம்தான் போயிற்று, கைத்திறமை போகவில்லையே! அப்படிப்பட்டவர்களில் ஒருவரான நரிமன் பிரின்டர் என்பவர்தான் இந்த இளைஞர்களுக்கு ஒலிபரப்புக் கருவியை உருவாக்கிக் கொடுத்தார். காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்துவந்த சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் நானிக் மோட்வானியும் கருவிகள் கிடைக்க உதவினார். பெயரில்தான் சிகாகோ. அது பம்பாயில் இருந்த இந்திய நிறுவனம்.

ஒலிபரப்புவதற்கு மூன்று பொருள்கள் கட்டாயம் வேண்டும். முதலாவது மைக். நாம் பேசும் ஒலியை அது மின்சார அதிர்வாக மாற்றும். இரண்டாவது ஒலிபரப்புக் கருவி. அந்த அதிர்வை வானொலி அலையின்மேல் ஏற்றி வலுவாக்கும். அந்தக் காலத்தில் டிரான்சிஸ்டர் கிடையாது. கண்ணாடிக் குழாய் போன்ற வால்வுகள்தான். அவை சூடேறிச் சிவந்து எரியும். அவற்றுக்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். அதற்குக் கனமான இரும்புச் சட்டம் வைத்த மின்மாற்றி வேண்டும். ஆகவே கருவியை நினைத்த நேரத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட முடியாது.

மூன்றாவது பொருள் ஆன்டெனா. எங்கள் காலத்தில் இதை ஏரியல் என்போம். அலையை வெளியே வீசுவது இந்தக் கம்பிதான்.

இரண்டு பேருந்து நீளம்

நான் உங்களைப்போலச் சிறுவனாக இருந்தபோது வால்வு ரேடியோ உள்ள வீடுகளில் மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவே வலைபோன்ற செப்புப் பட்டையைக் கட்டியிருப்பார்கள். ரேடியோவின் முகப்பில் 25, 31, 41 என்று எண்கள் இருக்கும். முள்ளை நகர்த்தினால் இலங்கை வானொலி கேட்கும். அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகுதான் புரிந்தது. அவை அலையின் நீளம், மீட்டர் கணக்கில்.

கண்மாயில் கல்லைப் போட்டால் அலை வட்டமாகப் பரவுகிறது அல்லவா? ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரம்தான் அலைநீளம். வானொலி அலை வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். உஷாவின் வானொலி 42.34 மீட்டர் அலைநீளத்தில் ஒலித்தது. 3 லட்சம் கிலோமீட்டரை 42.34 மீட்டரால் வகுத்துப் பாருங்கள். வினாடிக்கு 70 லட்சம் தடவைக்கும் மேல் அந்த அலை அதிர்ந்தது என்று விடை கிடைக்கும். இதைச் சுமார் 7 மெகாஹெர்ட்ஸ் என்பார்கள்.

அலைநீளத்துக்கும் ஆன்டெனாவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அலைநீளத்தில் பாதி அளவு கம்பி இருந்தால் அலை நன்றாக வெளியேறும். 42 மீட்டரில் பாதி 21 மீட்டர். அதாவது சுமார் 70 அடி. மாட்டுத்தாவணியில் இரண்டு பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் ஏறத்தாழ அந்த நீளம் வரும். இதுவே 300 மீட்டர் மத்திய அலையாக இருந்தால், கால் பங்கு உயரத்துக்குக் கம்பம் நட்டாலும் 75 மீட்டர் ஆகிவிடும். நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர்தான்! அவ்வளவு பெரிய கம்பத்தை நட்டு வைத்துக்கொண்டு இரகசிய வானொலி நடத்த முடியுமா?

ஆகவே 40 மீட்டரை ஒட்டிய அலை ஹாம்களுக்கு மிகவும் வசதியானது. 160 மீட்டர், 80 மீட்டர், 40 மீட்டர் ஆகிய மூன்றையும் ஹாம்கள் தாழ்ந்த அலைவரிசைகள் என்று சேர்த்துச் சொல்வார்கள். மூன்றிலும் வீட்டுக்கூரை அளவுக்குள் அடங்குவது 40 மீட்டர்தான்.

இன்னொரு வசதியும் உண்டு. பூமிக்கு மேலே சுமார் 60 கிலோமீட்டர் முதல் சில நூறு கிலோமீட்டர் உயரம் வரை அயனி மண்டலம் இருக்கிறது. மேலே போகும் அலையை அது கண்ணாடிபோலத் திருப்பிக் கீழே அனுப்பும். பகலில் அதன் கீழ் அடுக்கு இந்த அலைகளை ஓரளவு விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு மறைந்துபோகும். அப்போது அலை இன்னும் உயரே போய்த் திரும்பி வெகுதூரத்தில் இறங்கும். பம்பாயிலிருந்து மதுரைக்கு நேர்க்கோட்டில் சுமார் 1,150 கிலோமீட்டர். இரவு நேரத்தில் 40 மீட்டர் அலைக்கு இது எட்டக்கூடிய தூரம்தான். காங்கிரஸ் வானொலி பர்மா வரை கேட்டது என்றும் சொல்வார்கள்.

குரல் ஒலித்தது

1942 ஆகஸ்ட் 27-ஆம் நாள் பம்பாய் சௌபாத்தி கடற்கரைப் பகுதியில் ஒரு வீட்டிலிருந்து காங்கிரஸ் வானொலி முதன்முதலாக ஒலித்தது. இது காங்கிரஸ் வானொலி என்றும், 42.34 மீட்டரில் ஒலிக்கிறது என்றும், இந்தியாவில் எங்கோ ஓர் இடத்திலிருந்து பேசுகிறோம் என்றும் உஷா ஆங்கிலத்தில் அறிவித்தார். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. கவிஞர் இக்பாலின் தேசப் பாடலோடு ஒலிபரப்பு தொடங்கும். வந்தே மாதரத்தோடு முடியும். இடையே இந்தியிலும் ஆங்கிலத்திலும் செய்திகளும் தலைவர்களின் உரைகளும் வரும்.

சிட்டகாங்கில் குண்டு விழுந்த செய்தி, ஜாம்ஷெட்பூர் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம், மத்திய இந்தியாவில் சிமூர், அஷ்டி ஊர்களில் நடந்த கொடுமைகள் போன்றவற்றைப் பத்திரிகைகள் வெளியிட அஞ்சின. காங்கிரஸ் வானொலி அஞ்சாமல் சொன்னது. ராம் மனோகர் லோகியா, அச்சுத பட்வர்தன் போன்ற தலைவர்கள் தலைமறைவாக இருந்தபடியே இந்த முயற்சிக்குத் துணை நின்றார்கள்.

பேச்சைப் பதிவு செய்யும் இடம் வேறாகவும் ஒலிபரப்பும் இடம் வேறாகவும் வைத்துக்கொண்டார்கள். ஒன்று பிடிபட்டாலும் மற்றொன்று தப்பிக்கும் அல்லவா? ஒலிபரப்பும் வீட்டை அடிக்கடி மாற்றினார்கள். புதிய வீட்டை வாடகைக்குப் பிடித்து, கருவியைக் கொண்டுபோய்ச் சேர்த்து, மறுபடி எல்லாவற்றையும் அமைக்கவேண்டும். அக்கம் பக்கத்தார் சந்தேகப்படக் கூடாது. அதற்குள் ஒலிபரப்பு நேரம் வந்துவிடும்.

சுவர்க்கோழியைத் தேடுவது போல

ஏன் இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்? இரவில் வீட்டுக்குள் சுவர்க்கோழி கிரீச்சிடுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது சும்மா இருந்தால் எங்கே ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கத்தினால்தான் ஆபத்து. சத்தத்தைப் பின்பற்றித் தேடிப் போய்விடலாம். வானொலியும் அப்படித்தான். குரலை ஊருக்கெல்லாம் கொண்டுபோகும் அதே கம்பி, ஒலிபரப்பும் இடத்தையும் காட்டிக் கொடுத்துவிடும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால், மத்திய அலையில் ஏதாவது ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு பெட்டியை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் ஒலி நன்றாகக் கேட்கும். இன்னொரு நிலையில் ஒலி தேய்ந்துபோகும். பெட்டிக்குள் இருக்கும் கம்பி சுற்றிய சிறு தண்டுதான் அதற்குக் காரணம். அந்தத் தண்டின் நுனி நிலையத்தை நோக்கித் திரும்பும்போது ஒலி குறைந்துவிடும்.

போலீஸ் வண்டிகளில் இருந்ததும் இதே தத்துவம்தான். திசை காட்டும் ஆன்டெனாவைச் சுழற்றி, குரல் வரும் திசையைக் கண்டுபிடித்து வரைபடத்தில் ஒரு கோடு போடுவார்கள். வேறோர் இடத்துக்குப் போய் இன்னொரு கோடு போடுவார்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் வானொலி இருக்கிறது. எவ்வளவு நேரம் ஒரே இடத்திலிருந்து பேசுகிறோமோ அவ்வளவு எளிதாகப் பிடித்துவிடலாம்.

உஷாவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் மைக் முன்னால் உட்காரும்போது, பேசப்பேச வலை இறுகுகிறது என்பது தெரிந்தேதான் பேசினார்.

நவம்பர் 12

கடைசியில் வண்டிகள் மட்டும் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒலிபரப்புக் கருவியை உருவாக்கிக் கொடுத்தவரையே போலீசார் பிடித்துவிட்டார்கள். அவர் மூலமாக மற்றவர்களைப் பற்றி அறிந்துகொண்டார்கள்.

1942 நவம்பர் 12-ஆம் நாள் பாபுபாயின் அலுவலகத்துக்குள் போலீசார் நுழைந்தார்கள். அப்போது உஷாவும் அங்கே இருந்தார். எப்படியோ நழுவி வெளியே வந்தார். பதிவு செய்யும் இடத்துக்கு விரைந்து போய் நண்பர்களுக்கு ஆபத்தைத் தெரிவித்தார். அன்றைய ஒலிபரப்பை நிறுத்திவிட்டு அவர் எங்காவது ஒளிந்துகொண்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை. இந்தக் கருவி போனாலும் மறுநாள் வானொலி ஒலிக்கவேண்டும் என்று நினைத்து, வேறொரு கருவிக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். பிறகு சந்திரகாந்த் ஜவேரியுடன் கிர்காம் பகுதியில் இருந்த ஒலிபரப்பு வீட்டுக்குப் போனார். வழக்கம்போலத் தொடக்கப் பாடல் ஒலித்தது. செய்திகளை வாசித்தார். உரையும் முடிந்தது. முடிவில் வந்தே மாதரம் இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தபோது கதவு தடதடவென்று இடிபட்டது.

கதவுகளை உடைத்துக்கொண்டு போலீசார் உள்ளே வந்தார்கள். இசைத்தட்டை நிறுத்தச் சொன்னார்கள். உஷா நிறுத்த மறுத்தார். காங்கிரஸ் வானொலியின் கதை அன்றோடு முடிந்தது.

பேச மறுத்த குரல்

பிள்ளைகளே, இதுவரை பேசியதற்காக உஷாவைப் பாராட்டினோம். இனிப் பேசாததற்காகப் பாராட்டப் போகிறோம்.

பிடிபட்ட பிறகு ஆறு மாதம் அவரைத் துருவித் துருவி விசாரித்தார்கள். தனிமையில் அடைத்து வைத்தார்கள். வெளியே யார் யார் உதவினார்கள், தலைவர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். மிரட்டிப் பயனில்லை என்றதும் ஆசை காட்டினார்கள். நண்பர்களைப் பற்றிச் சொல்லிவிட்டால் வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைக்கிறோம் என்றார்கள். படிப்பைப் பாதியில் விட்டு வந்த ஒரு மாணவிக்கு அது எவ்வளவு பெரிய ஆசை! உஷா வாய் திறக்கவில்லை.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டுமா என்று உஷா நீதிபதியிடம் கேட்டார். கட்டாயம் இல்லை என்று நீதிபதி சொன்னார். அப்படியானால் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லப் போவதில்லை என்று தெரிவித்துவிட்டு அமைதியாகிவிட்டார். சில மாதங்களுக்கு முன்புவரை நாடெல்லாம் கேட்கப் பேசிய குரல், ஒரு நண்பரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

1943-இல் தீர்ப்பு வந்தது. பாபுபாய்க்கு ஐந்து ஆண்டு, உஷாவுக்கு நான்கு ஆண்டு, சந்திரகாந்துக்கு ஓர் ஆண்டு சிறைத் தண்டனை. விட்டல்தாசும் நானிக் மோட்வானியும் விடுதலை ஆனார்கள்.

பூனா அருகே ஏரவாடா சிறையில் உஷா அடைக்கப்பட்டார். உடல்நலம் கெட்டது. பம்பாயில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சிகிச்சை கொடுத்தார்கள். அங்கேயும் படுக்கையைச் சுற்றி இரவு பகலாகப் போலீஸ் காவல். நோயாளிப் பெண் ஓடிவிடுவாள் என்று பயம்! ஓரளவு குணமானதும் மறுபடியும் சிறைக்கே அனுப்பிவிட்டார்கள். 1946-இல் பம்பாய் மாகாணத்தின் உள்துறை அமைச்சராக இருந்த மொரார்ஜி தேசாயின் உத்தரவால் விடுதலை ஆனார்.

ஆசிரியர் உஷா

1947-இல் நாடு விடுதலை அடைந்தபோது கொண்டாட்டங்களில் கலந்துகொள்ளக்கூட முடியாமல் உஷா உடல்நலம் குன்றியிருந்தார். சிறை கொடுத்த பரிசு அது. உடல் தேறியதும் பதவி தேடிப் போகவில்லை. விட்ட படிப்பைத் தொட்டார். காந்தியடிகளின் அரசியல், சமூகச் சிந்தனைகளைப் பற்றி ஆராய்ந்து பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

தாம் படித்த வில்சன் கல்லூரியிலேயே பேராசிரியர் ஆனார். முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் அரசியல் துறைக்குத் தலைமை தாங்கினார். 1980-இல் ஓய்வு பெற்றார். காந்தியடிகள் தங்கியிருந்த மும்பை மணிபவனின் தலைவராகவும் தொண்டாற்றினார். கடைசிவரை கதர்ப் புடவை, எளிய வாழ்க்கை. 1998-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கியது.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதத்தில், போராட்டம் தொடங்கிய அதே மைதானத்தில் நினைவுநாள் நடக்கும். இப்போது அதற்கு ஆகஸ்ட் கிராந்தி மைதானம் என்று பெயர். 2000-ஆம் ஆண்டும் காய்ச்சலைப் பொருட்படுத்தாமல் அந்த விழாவுக்குப் போனார். வீடு திரும்பியவர் இரண்டே நாளில், ஆகஸ்ட் 11 அன்று அமைதியாக மறைந்தார். அப்போது அவருக்கு வயது 80.

இன்றைக்கும் 40 மீட்டர்

இன்றும் நம் நாட்டு ஹாம்கள் 40 மீட்டர் அலைவரிசையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மொட்டை மாடியில் கட்டிய ஒரு நீளக் கம்பியும் சிறு கருவியும் அவர்களுக்குப் போதும். 2004 சுனாமியில் அந்தமானில் தொலைபேசித் தொடர்பு அறுந்தபோது, உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய செய்தியை உறவினர்களுக்கு எட்டவைத்தவர்களில் ஹாம்களும் உண்டு.

ஆசை வந்தால் நீங்களும் ஹாம் ஆகலாம். ஆனால் அரசு நடத்தும் தேர்வு எழுதி, உரிமம் பெற்ற பிறகே ஒலிபரப்பவேண்டும். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். அன்று உஷா சட்டத்தை மீறினார். அது மக்களின் வாயைப் பூட்டிய அந்நியர் சட்டம். மீறியதற்கான தண்டனையையும் ஓடி ஒளியாமல் ஏற்றுக்கொண்டார். இன்று சட்டத்தை இயற்றுவது நாம் தேர்ந்தெடுத்த மன்றம். இந்த வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள்.

வகுப்பில் ஒரு மாணவனை மற்றவர்கள் வீண்பழி சுமத்தித் திட்டினால், உண்மை தெரிந்த நீங்கள் எழுந்து பேசவேண்டும். நம்பிக்கையோடு நண்பன் சொன்ன இரகசியத்தை யாராவது மிட்டாய் கொடுத்துக் கேட்டால், வாய் திறக்கக் கூடாது. இரண்டுமே கடினமான வேலைதான். உஷா மேத்தா 22 வயதில் இரண்டையும் செய்து காட்டினார்.

அடுத்த முறை மாட்டுத்தாவணிக்குப் போனால், ஒலிபெருக்கிக் குரல் கேட்கும்போது ஒரு நிமிடம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே நிற்கும் பேருந்துகளில் இரண்டைச் சேர்த்துக் கண்ணாலேயே அளந்து பாருங்கள். அவ்வளவு நீளக் கம்பியும் ஒரு நேர்மையான குரலும் இருந்தால் ஒரு பேரரசையே தூங்கவிடாமல் செய்யமுடியும் என்று உங்களுக்குப் புரியும்.